எங்கள் சந்தில் தலைக்கணக்கு

பிப்ரவரி 9, செவ்வாய்

காலையில் பனி. எட்டு மணிக்கு மேல்தான் வெயில். போன வருடத்துக் குருத்தோலைகளைச் சாம்பலுக்காகக் கோயிலில் கொடுத்தாயிற்று. நாளை சாம்பல் புதன். இடது முழங்கால் பரவாயில்லை. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

பதினொரு மணிக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வந்தவள் பெயர் சசிகலா. அரசுப் பள்ளி ஆசிரியை, நாற்பது வயது இருக்கும், கோலார் பக்கம். கழுத்தில் அட்டை, கையில் போன், செருப்பில் ஒரு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. சந்தில் முதல் வீடு என்னுடையது. அதனால் முதல் தலையும் என்னுடையது. அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் படித்தேன். பிறகுதான் நாற்காலி.

பெயர் பிலோமினா. வயது எழுபத்தெட்டு. விதவை. குடும்பத் தலைவர்: நானே. (அருள் போய் எட்டு வருடம். இந்த வரியில் இன்னும் ஒரு கணம் நின்றுதான் போகிறேன்.) தாய்மொழி ஆங்கிலம், வழக்கம்போல். தெரிந்த மற்ற மொழிகள் தமிழ், கன்னடம்.

போகும்போது, "நம்பிக்கை வெச்சு எல்லாம் சொன்னீங்க அம்மா, தேங்க்ஸ்" என்றாள்.

"உங்க மேல நம்பிக்கை. டில்லி மேல இல்ல."

சிரித்துவிட்டாள். நல்ல பல்வரிசை.

பிப்ரவரி 10, சாம்பல் புதன்

ஆறரைப் பூசை. நெற்றியில் சாம்பல். பாடகர் குழுவில் இரண்டு குரல் சுருதி விலகல்; யார் என்று தெரியும், எழுதவில்லை.

தவக்காலத்துக்கு எதை விடுவது? காபியை விட்ட வருடம் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. சர்க்கரையை டாக்டரே பிடுங்கிக்கொண்டார். மிச்சம் ஒன்றே ஒன்று: புகார். நாற்பது நாள் மத்திய அரசுக்கு ஒரு கடிதமும் கிடையாது. அரசாங்க அறிவிப்புகளில் பிழை திருத்தும் சிவப்புப் பென்சிலும் மேசை இழுப்பறைக்குள்.

ஃபாதரிடம் சொன்னேன். "டில்லிக்குத் தகவல் சொல்லிடட்டுமா? பாவம், கவலைப்படுவாங்க" என்றார். இந்தக் காலத்து ஃபாதர்கள்.

'அரசாங்கம்' என்று எழுதிய ஃபைல்கள் மூன்றையும் அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். அதில் அரை ஃபைல் ஒரே விவகாரம். விதவைகளுக்கான ஒரு படிவத்தில் கணவர் கையொப்பம் கேட்டிருந்தார்கள். பதினான்கு கடிதம் எழுதினேன். பதில் ஒன்று: 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது.' படிவம் அப்படியே இருந்தது. அருளும் வந்து கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பதிலைப் போன வருடம் ஒரு ஞாயிறு கோயில் வாசற்படியில் நின்று எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். நல்ல கூட்டம். கை தட்டினார்கள்.

பிப்ரவரி 12, வெள்ளி

உபவாசம். மத்தியானம் தலைவலி. மல்லிச் செடியில் மாவுப்பூச்சி.

நாலு மணிக்குப் பால் வாங்கப் போனால், மாதா சிலை இருக்கும் கெபியின் படியில் சசிகலா. தொப்பி மடியில், கண் சிவப்பு. சந்தில் பத்தொன்பது வீடு. நான்கு நாளில் நான்குதான் வாய் திறந்தனவாம். மேற்பார்வையாளர் செவ்வாய்க்கிழமைக்குள் முடிக்கச் சொல்லிவிட்டார், இல்லாவிட்டால் மெமோ.

"நோடி, பாருங்க அம்மா, பக்கத்து தெருவுல எல்லாம் ஆயித்து. இந்த சந்து மட்டும் ஏன் இப்பிடி? லைட் எரியுது, குக்கர் விசில் அடிக்குது, 'வீட்டுல யாரும் இல்ல'ன்னு உள்ளேருந்தே சொல்றாங்க."

அறிவில்லாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் லூர்து ஏணியோடு வந்தான். பிடித்து நிறுத்தினேன்.

"ஏன்டா லூர்து, இவங்களுக்கு பதில் சொன்னா உன் சொத்து குறைஞ்சிடுமா?"

"நீங்கதானே ஆன்ட்டி சொன்னீங்க."

"நானா?"

"கோயில் வாசல்ல. பேப்பர் படிச்சுட்டு. 'இந்த அரசாங்கத்துக்கு உங்க பேரைக்கூட சொல்லாதீங்க'ன்னு. சந்தே கேட்டுச்சு. நீங்க சொன்னதைத்தான் செய்றோம். முதல் தடவையா எல்லாரும் ஒத்துமையா இருக்கோம், அதுக்கும் திட்டுறீங்க."

சசிகலா என்னைப் பார்த்தாள். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பால் வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 13, சனி

ஒழுங்காகத் தூக்கமில்லை. பதினான்கு கடிதத்துக்கு அசையாத டில்லி. ஒரு வாக்கியத்துக்கு அசைந்த பதினைந்து வீடு. பெருமைப்பட வேண்டியதா, வெட்கப்பட வேண்டியதா? இரண்டும். பெருமைதான் கொஞ்சம் கூட.

ஒன்பது மணிக்குக் கறுப்புக் குடையோடு புறப்பட்டேன். சசிகலாவுக்கு ஊக்கு வேண்டாம் என்று என் பழைய பாட்டா செருப்பு. ஒரே அளவு. கதவைத் தட்டுவது நான், கேள்வி அவள்.

இன்று கேட்ட சாக்குகள்:

— "பெரியவங்க யாரும் வீட்ல இல்ல." (சொன்னவருக்கு ஐம்பத்தைந்து வயது.)

— "இப்பதானே ஒருத்தர் வந்து கதவுல ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போனார்?" (அது வேறு கணக்கு. நியாயமான அலுப்பு.)

— எத்தனை பேர் என்றால் வரி, எத்தனை அறை என்றால் அதற்கும் வரி.

— "உள்ளதைச் சொன்னா மட்டும் என்ன பண்ணிடுவாங்க? தண்ணி தினமும் விடுவாங்களா?"

கடைசிச் சாக்குக்கு 'விடமாட்டார்கள்' என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் பத்தொன்பது வீட்டை நான்கு வீடு என்று எழுதிக்கொண்டால் நான்கு வீட்டுக்குத்தானே குழாய் போடுவார்கள்? அதைச் சொன்னேன். அந்த அம்மாள் யோசித்தாள். கதவைக் கொஞ்சம் திறந்தாள்.

மொத்தம் ஏழு ஆயிற்று. முழங்கால் வீக்கம். மனம் லேசு.

லூர்து மட்டும் முரண்டு. தாய்மொழிக் கேள்விக்குப் பயம். "எங்க அப்பா எப்பவும் கன்னடான்னுதான் சொல்வார் ஆன்ட்டி. காவிரி கலாட்டா சமயத்துல கடையோட தமிழ் போர்டைக் கழட்டி கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சவரு. நான் தமிழ்னு போட்டா, நாளைக்கு லிஸ்ட் எவன் கைக்குப் போகுமோ."

வீட்டு வாரியாக யாருக்கும் காட்டக் கூடாது என்பது சட்டம் என்றேன்.

"சட்டமா? பதினாலு லெட்டர் போட்டீங்களே, அந்த சட்டமா?"

துஷ்டப் பயல். நியாயமான கேள்வி.

பிப்ரவரி 14, ஞாயிறு

பிரசங்கம் நீளம். வெயில்.

பூசை முடிந்து அதே படி. ஃபாதரை அறிவிக்கச் சொல்லிப் பார்த்தேன். "நான் சொன்னா தூங்கிடுவாங்க மிஸஸ் அருள். உங்களுக்குத்தான் பயப்படுவாங்க" என்று உள்ளே போய்விட்டார்.

குறிப்பு எழுதி வைத்திருந்தேன், ஐந்து குறிப்பு. மூக்குக் கண்ணாடி வீட்டில். சும்மா பேசினேன். போன வருடம் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். படிவத்தைத் திருத்தும்வரை அரசாங்கத்தைத் திட்டுவேன், ஈஸ்டருக்குப் பிறகு மறுபடியும் திட்டுவேன். ஆனால் திட்டுகிற ஆள் கணக்கில் இருக்க வேண்டும். கணக்கில் இல்லாதவன் திட்டினால் காற்றுக்குத்தான் கேட்கும் என்றேன். நாம் பொய் சொல்லிவிட்டு, அவர்களுக்கு நம்மைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று சொல்வது என்ன நியாயம் என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்கே நன்றாக இருந்தது.

பின்வரிசையிலிருந்து லூர்து: "அப்ப டில்லியோட சமாதானமா ஆன்ட்டி?"

"சமாதானம் இல்லடா. தவக்காலம்."

எல்லோரும் சிரித்தார்கள். போன வருடத்தைவிடப் பெரிய கூட்டம்.

மகன் நெவில் வைட்ஃபீல்டிலிருந்து போன். யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "மம்மி, எலெக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா?" குரலில் பெருமை இருந்தது. இல்லை என்று அவன் சொல்லட்டும்.

பிப்ரவரி 15, திங்கள்

இன்று திருவிழா மாதிரி. காலை எட்டரைக்கே சந்தில் நாற்காலிகள் வெளியே. "மிஸ், எங்க வீட்டுக்கு முதல்ல." "இல்ல மிஸ், எனக்கு டியூட்டி." ஒரு வீட்டில் கணவன் மனைவிக்குள் வயதில் தகராறு, கல்யாணச் சான்றிதழை எடுத்துவந்து தீர்த்தோம், அவள் அவனைவிட ஒரு வயது மூத்தவளாம். முப்பது வருட இரகசியம். மாமியார் உயிரோடு இல்லாதது நல்லது.

லூர்து, நெஞ்சை நிமிர்த்தி: "தாய்மொழி தமிழ். எழுதிக்கோங்க மேடம். தெரிஞ்ச மொழி கன்னடா. சண்டை போட ரெண்டும்." சசிகலா கன்னடத்தில் ஏதோ சொல்ல, அவன் கன்னடத்திலேயே பதில் கொடுக்க, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் போன் கை தவறி விழப் பார்த்தது.

பதினெட்டு ஆயிற்று. மிச்சம் கடைசி வீடு, ஜமீலா. வீட்டிலேயே சமைத்து ஆபீஸ்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறவள். ரமலான் நோன்பு. அவளுக்கு நோன்பு; எனக்குத் தவக்காலம், ஒன்றும் வேண்டாம் என்றேன். ரோஸ் மில்க் சசிகலா ஒருத்திக்குத்தான். நாங்கள் இரண்டு பேரும் அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜமீலாவின் கட்டில் மேல் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே வீட்டிலிருந்த அத்தனை காகிதமும், மாமனாரின் பழைய ரேஷன் கார்டு வரை. விடியற்காலையிலிருந்து அடுக்கியிருக்கிறாள்.

"எந்தக் காகிதம் வேணும் மேடம்? எல்லாம் இருக்கு."

"ஒண்ணும் பேடா, வேண்டாம் அம்மா. நீங்க சொன்னா போதும். நான் எழுதிக்குவேன்."

"சொன்னா போதுமா? நம்பிடுவீங்களா?"

"ஆமா, நம்பணும். அதுதான் ரூல்."

ஜமீலா அந்தப் பையைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அரே, நல்லா இருக்கே இது. பிலோ ஆன்ட்டி, நீங்க உள்ளதை உள்ளபடி சொன்னீங்கதானே? நீங்க சொல்லியிருந்தா நானும் சொல்றேன். உங்க மேல வெச்ச நம்பிக்கைதான்."

'ஆமாம்' என்று வாயில் வந்தது. வெளியே வரவில்லை. இருமினேன். தண்ணீர் கேட்கவும் முடியாது, தவக்காலம் என்று இப்போதுதானே பீற்றிக்கொண்டேன். "நாளைக்குக் காலையில வரோம் ஜமீலா" என்று சசிகலாவைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். சசிகலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நாளை கடைசி நாள்.

சாயங்காலம் ஜமீலா நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். இன்னும் மோசம்.

உள்ளதை உள்ளபடி இங்கேயாவது எழுதுகிறேன். தாய்மொழி ஆங்கிலம் என்று ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் சொல்லிவந்தேன். கான்வென்டில் தமிழ் பேசினால் கழுத்தில் ஒரு மரக்கட்டை தொங்கவிடுவார்கள். அடுத்த ஆள் தமிழ் பேசி மாட்டும்வரை அது நம் கழுத்தில். ஒரே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். மறுபடி மாட்டவே இல்லை, எதிலும். என் அம்மாவுக்கு இங்கிலீஷில் 'குட் மார்னிங்' தவிர ஒன்றும் தெரியாது. அவள் பேசிய மொழிதானே தாய்மொழி?

அருள் எப்போதும் தமிழ் என்றே சொல்வார். ஒரு தடவை, கணக்கெடுக்க வந்தவர் எதிரிலேயே: "எனக்குத் தமிழ் சார். இவங்களுக்கு இங்கிலீஷ். என்னைத் திட்டுறதுக்கு மட்டும் தமிழ்ல வருவாங்க." மூன்று நாள் பேசவில்லை அவரோடு. எந்த மொழியிலும்.

லூர்துவின் அப்பா பயத்தில் பொய் சொன்னார். நான் பெருமையில் சொன்னேன். அவருக்காவது காரணம் இருந்தது.

பிப்ரவரி 16, செவ்வாய்

பனி இல்லை. தெளிந்த வானம். நல்ல சேலை, பச்சை சில்க் காட்டன்.

எட்டு மணிக்கு சசிகலாவுக்குப் போன். என் பதிலில் ஒரு திருத்தம், மாற்ற முடியுமா என்றேன்.

"இன்னும் அனுப்பல அம்மா, சந்து முடிஞ்சாத்தான். மாத்தலாம். என்ன தப்பு?"

"நேர்ல சொல்றேன்."

என் வீட்டில் வைத்து இரகசியமாகச் சொல்லியிருக்கலாம். அப்படித்தான் நினைத்திருந்தேன். கால் நேராக ஜமீலா வீட்டுக்குப் போயிற்று. லூர்து அங்கே மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்தான், கேட்கவா வேண்டும். ஜமீலாவிடம் சொன்னேன்: "நேத்து நீ கேட்டதுக்குப் பதில். நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். இப்ப உன் முன்னால மாத்தறேன்." சசிகலாவிடம்: "தாய்மொழி தமிழ்."

சசிகலா வாயைத் திறந்தபடி நின்றாள். லூர்து ஸ்பானரைக் கீழே போட்டான்.

"ஏ ஸ்டெல்லா!" வாசலுக்கு ஓடிப்போய்த் தன் மனைவியிடம் கத்தினான். "பிலோ ஆன்ட்டிக்குத் தமிழாம்!"

தன் வீட்டு மாடியிலிருந்து ஸ்டெல்லா: "இதுல என்னய்யா புதுசு? பூனையத் திட்டுறப்ப கேட்டதில்லயா?"

சந்து முழுக்கச் சிரிப்பு. எழுபத்தெட்டு வருட இரகசியம் என்று நான் நினைத்திருந்தது, என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நானும் சிரித்தேன். வயிறு வலிக்கும்வரை. அருள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியும், அதை எழுதப் போவதில்லை.

ஜமீலா பையைத் தூக்கி அலமாரிக்குள் போட்டாள். உட்கார்ந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் நிதானமாகப் பதில். ஆறு பேர். எல்லோருடைய பெயரும், முழுப் பெயரும்.

பத்தொன்பது. சசிகலாவின் மேற்பார்வையாளர் போனில் 'வெரி குட்' என்றாராம். அதை நான்கு பேரிடம் சொல்லிவிட்டாள். செருப்பை அவளே வைத்துக்கொள்ளட்டும்.

அனுப்புவதற்கு முன், "நீங்க ஒரு தடவை பாத்துக்கோங்க அம்மா" என்று போனை என்னிடம் நீட்டினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பெயர், வயது, குடும்பத் தலைவர், தாய்மொழி. மேலிருந்து கீழ்வரை படித்தேன். ஒரு பிழைகூட இல்லை.

இரண்டு முறை தேடினேன்.