ஏடு தொடக்க ஆரின்ர மடி

3.10.2000 செவ்வாய்
வெக்கை. மேற்கால கறுத்துக் காட்டினது, ஒரு துளி விழேல்லை. தம்பி விதைப்புக்கு உழவு மிசின் தேடித் திரியிறான். பச்சரிசி புடைக்கவேணும். வகுப்பில கரும்பலகைக்குச் சோக்கட்டி முடிஞ்சுது.

பின்னேரம் பிள்ளையார் கோயிலில கூட்டம். விஜயதசமிக்கு ஏடு தொடக்க இந்தமுறை ரெண்டு பாய் விரிக்கினமாம். ஒண்டு எனக்கு, மற்றது மங்கை ரீச்சருக்கு. இந்த வருசம்தான் தென்மராட்சியில இருந்து இடம்பெயர்ந்து எங்கடை பள்ளிக்கூடத்துக்கு வந்தவா. இவ்வளவு காலமா உருத்திரபுரத்துப் பிள்ளையளை மடியில இருத்தி, விரலைப் பிடிச்சு, அரிசியில 'அ' எழுதுவிச்சது நான். சண்டைக்கு இடம்பெயர்ந்து நாங்கள் அக்கராயனில கிடந்தபோதும், கொட்டிலுக்க சாக்கு விரிச்சு, நான்தான்.

ரெண்டுபேரும் குருமார்தானே, பிள்ளையளும் கனக்க எண்டார் கோயில் தலைவர். ஓம் எண்டன்.

5.10 வியாழன்
பள்ளிக்கூடத்தில பூசை. அவல், கடலை. மங்கை ரீச்சர் நாயன்மார் கதை சொன்னா. கண்ணைத் தோண்டிக் குடுக்கிற இடம் வர, பிள்ளையள் எல்லாம் தங்கடை கண்ணைப் பொத்திச்சுதுகள். நான் எத்தினை தரம் சொன்ன கதை. ஒருத்தரும் பொத்தினதில்லை.

வெளிக்கிடேக்க அவாவின்ர பையைத் தூக்க ரெண்டு பெட்டையள் சண்டை. என்ர சைக்கிள் காத்துப்போய்க் கிடந்தது. தனிய உருட்டிக்கொண்டு வந்தன்.

அவாவில என்ன பிழை? ஒண்டுமில்லை. அதுதான் கூட எரியுது.

இரவு குசினியில தம்பியின்ர மனிசி என்ர முகத்தைப் பாராமல் சொல்லுறா, மகன் குகனுக்கு மங்கை ரீச்சரிட்டைத் தொடக்குவமெண்டு யோசிக்கினமாம். அவன் அவாவோட நல்ல ஒட்டாம். தம்பி சோத்துக் கோப்பையைப் பாத்தபடி. அந்தத் தம்பிக்கே 'அ' பழக்கினது நான்.

உங்கடை விருப்பம் எண்டிட்டுக் கிணத்தடிக்குப் போனன்.

6.10 வெள்ளி
மங்கை ரீச்சருக்கு மலேரியா. ரெண்டு போர்வைக்குள்ளயும் நடுங்குறாவாம். நாளைக்கு வரமாட்டா.

கேட்டவுடன சந்தோசம். வேறை ஆரிட்டைச் சொல்ல, இதில எழுதுறன். பிறகு விளக்குக் கொளுத்தேக்க, அவாவுக்குச் சுகம் வரவேணுமெண்டு பிள்ளையாரிட்டைக் கேட்டன். நாளைக்கு இல்லை, நாளையிண்டைக்கு வரட்டும் எண்டு கேட்டன்.

நாளைக்குக் கட்ட நீலச்சீலை மடிச்சு வைச்சாச்சு.

7.10 சனி, விஜயதசமி
விடிய மெல்லிய தூறல். ஒரு பாய்தான். எல்லாப் பிள்ளையளும் என்னட்டை.

குகனும். மடியில இருத்தி விரலைப் பிடிக்க, கையை இழுத்துக்கொண்டு, "மங்கை ரீச்சர் எங்க?" எண்டு அழத் தொடங்கினான். அரிசி பாயெல்லாம் சிந்திச்சுது. தாய் ஓடிவந்து பிடிச்சா. ஒருமாதிரி எழுதுவிச்சன். கோணல் 'அ'. என்ர காலில விழுந்து கும்பிட்டவன், மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு. தாய் வெக்கத்தில அவனை நேர வீட்டை கூட்டிக்கொண்டு போயிட்டா.

மற்றத் தாய்மார் வீட்டை போகேல்லை. வெத்திலை, பழத்தட்டோட பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு மங்கை ரீச்சரின்ர கொட்டில் பக்கம் போகினம். குருவைக் கும்பிட வேணுமாம். பெரிய வரிசை. கோயிலில ஐயரும் நானும் சிந்தின அரிசியும்.

வீட்டை வந்து இருக்க ஏலாமல் போச்சுது. கஞ்சி காய்ச்சிக்கொண்டு நானும் போனன். சனம் போயிட்டுது. தலைமாட்டில வாழைப்பழம் குவிஞ்சு கிடக்கு. என்னைக் கண்டு எழும்பப் பாத்தா, கிடவுங்கோ எண்டன். நெருப்பாக் கொதிக்குது உடம்பு. நீங்கள் நிண்டபடியாத்தான் எனக்குக் கவலையில்லை ரீச்சர் எண்டா. உள்ளதைத்தான் சொன்னா, முகத்தில தெரிஞ்சுது.

கோப்பையைப் பிடிச்சுக் குடிக்கக் குடுத்தன். பாதியில நிப்பாட்டி,

"குகனைக் காணேல்லை. என்னைத் தேடினவனோ?"

"இல்லை," எண்டன். "ஒருக்காலும் கேக்கேல்லை."