வாயில் பஞ்சு

சர்வதாரி வருஷம், ஐப்பசி 12. இரவு.

கடைவாய்ப்பல் ஒருவழியாகப் போயிற்று. ஊசி போட்டும் சரியாக மரக்கவில்லை. பாதியில் வேர் முறிந்ததும் துள்ளிவிட்டேன்.

"யாராச்சும் இவரு தலையைப் புடிங்க, ஆட்டுதாரு!" என்று கம்பவுண்டர் கத்தினார்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து என் தலையைக் காதோடு சேர்த்துப் பிடித்தன. குறடு மறுபடி உள்ளே போனது. வெளியே கேட்ட சத்தமெல்லாம் அடங்கி, தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆயிற்று. சின்ன வயதில் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது அண்ணன் இப்படித்தான் என் தலையை ஏந்திக்கொள்வான். அந்த நினைப்பிலேயே மிதந்தேன். வலி எங்கோ கரையில் கிடந்தது.

கண்ணைத் திறந்தால், அண்ணனேதான். இருமல் மருந்துக்கு வந்தவனாம். வரப்புத் தகராறுக்குப் பிறகு மூன்று வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

"ரொம்ப வலிக்காலே?" என்றான்.

வாய் நிறையப் பஞ்சு. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

வீக்கத்துக்கென்று வீட்டுக்காரி என் கன்னத்தில் அப்பிவிட்ட கோயில் புற்றுமண் காய்ந்து இழுக்கிறது. காதுக்குள் இன்னும் கிணற்றுத் தண்ணீரின் சத்தம். பஞ்சை அந்தியிலேயே எடுத்துவிடச் சொன்னார் கம்பவுண்டர். இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.