முகர்ந்தால் குடித்ததாகுமா

ஆடி 23, வெள்ளி

காலையிலிருந்து தூறல். குடை கடையிலேயே கிடக்கிறது, நனைந்துகொண்டுதான் போனேன். ஆடி வெள்ளி, காமாட்சி கோயில் பக்கம் வண்டி நுழைய வழியில்லை. வீட்டில் கோமதி கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொன்னாள். மறதி.

கடையில் நெசவாளர் கூட்டம். ஆவணி முகூர்த்தத்துக்கு முடித்துக் கொடுக்கிற அவசரம். ஒவ்வொரு சேலையையும் கோலில் போட்டு விரித்து, வெளிச்சத்தில் இழை, கறை, கரை சேர்ந்திருக்கும் அழகு எல்லாம் பார்த்து, கடைசியில் ஒரு தரம் முகர வேண்டும். பட்டு எதையும் பிடித்துக்கொள்ளும். கருவாட்டுக் குழம்பு வைத்த வீட்டுச் சேலையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். வாசனை இருந்தால் சீட்டில் ‘வா’ என்று எழுதி மாடிக் கொடிக்கு அனுப்புவது வழக்கம். இரண்டு நாள் நிழலில் காற்றாடினால் போய்விடும். நெய்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவோம். அதோடு சரி. யார் பிழைப்பும் கெடாது.

மதியத்துக்கு மேல் ஏகாம்பரம் வந்தான். சின்ன காஞ்சிபுரத்துக்காரன், வீட்டில் ஒரே தறி, நம் கடை கொடுக்கிற பாவு நூல்தான் ஓடுகிறது. அரக்குச் சேலை, பச்சைக் கரை. வேலை சுத்தம். முந்தியை முகர்ந்தேன்.

பீடி.

‘வா’ எழுதவில்லை. ‘சரி’ என்று போட்டேன். சேலையை மாடிக்கு அனுப்பவில்லை, விற்கிற பக்கமும் அனுப்பவில்லை. மடித்துக் கடையிலுள்ள என் பீரோவில். எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு கதவைக் கொஞ்சம் திறந்து, தலையை உள்ளே விட்டு… சே, எழுதவே கூசுகிறது.

நான் பீடியை விட்டு வருஷக்கணக்காகிறது. கோமதிக்கு மூச்சிரைப்பு அதிகமான சமயம். காமாட்சி சந்நிதியில் கற்பூரத்தை உள்ளங்கையில் அணைத்துச் சத்தியம் செய்தேன், இனி பீடியைத் தொட மாட்டேன் என்று. தொடவில்லை. ‘முகர மாட்டேன் என்று சொல்லவில்லையே’ என்று இன்று முழுக்க மண்டைக்குள் ஒரு வக்கீல்.

ஆடி 26, திங்கள்

வெயில். கேஸ் புக் பண்ணியாயிற்று. மதியம் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு.

சாப்பிட்டுக் கை கழுவியதும்தான் அந்த நேரம் வரும். இத்தனை வருஷமாகியும் வருகிறது. விரல் இரண்டும் எதையோ தேடும். கிராம்பு மென்றேன். நாக்கு எரிந்ததுதான் மிச்சம். பீரோவைத் திறந்தேன். சனிக்கிழமையும் திறந்தேன். நேற்று எனக்கு லீவு. மூக்குக்கண்ணாடியைக் கடையில் வைத்துவிட்டேன் என்று கோமதியிடம் சொல்லிவிட்டுப் போய்த் திறந்தேன். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

ஜரிகை வாங்க ஏகாம்பரம் வந்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மேஜையோரம் குனிந்தான்.

“அண்ணா, போன சேலைல வாசன இருந்திருக்கும். எனக்கே தெரியும். மழ பெஞ்சிக்கினே இருந்துது, வெளிய போவ முடியல, தறிகிட்டயே குடிச்சிட்டேன். நீங்க காட்டிக் குடுக்கல. பெரிய மனசுண்ணா உங்களுக்கு.”

பெரிய மனசு! நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

“எப்பிடிண்ணா பீடிய உட்டீங்க?” என்று கேட்டான். “உங்க வூட்ல எம் பொண்டாட்டி தனத்துகிட்ட சொன்னாங்களாம், ஒரே நாள்ல உட்டுட்டீங்கன்னு. தனம் தெனமும் உங்களத்தான் சொல்லிக் காட்டுது. இப்பல்லாம் நெனப்பே வராதா?”

“வராதுபா. மனசு வெச்சா முடிஞ்சிது.”

பீரோ சாவி இடுப்பில் உறுத்திக்கொண்டிருந்தது. அவன் தலையை ஆட்டிக்கொண்டே போனான். நாளையிலிருந்து விடப்போகிறானாம்.

ஆடி 28, புதன்

பல் வலி. இடது பக்கம்.

திருப்புட்குழியிலிருந்து ஒரு பார்ட்டி. அம்மா, பெண். பயிர் வைக்கிறவர்கள். முகூர்த்தப் புடவை அரக்கில்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக இருந்தாள் அந்தப் பெண். கடையில் இருந்த அரக்கையெல்லாம் போட்டுக் காட்டியும் தலையை ஆட்டவில்லை. முதலாளி சின்ன வயசுக்காரர், ஆனால் ஞாபகம் அப்பா மாதிரியே.

“மூர்த்திண்ணா, ஏகாம்பரம் ஒண்ணு குடுத்திருந்தானே அரக்குல? சீட்டு இருக்குது, சேலையக் காணோம்?”

எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? ‘இன்னும் காற்றாட வேண்டும்’ என்று சொன்னால், இத்தனை நாள் பீரோவில் ஏன் வைத்தாய் என்று கேட்பார். கடையில் ஊதுவத்தி, பூ, நாலு பேர் சென்ட் வாசனை. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அந்தப் பெண் முந்தியைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

மஞ்சள் குழைத்து நாலு முனையிலும் வைத்து, சாமி படத்தின் காலடியில் வைத்து எடுத்துக் கொடுத்தார்கள். மஞ்சள் வைத்த முகூர்த்தப் புடவையை இடையில் பிரிக்க மாட்டார்கள். நலங்கு நாளில் தட்டில் வைத்துத்தான் பிரிப்பார்கள். அதுவரை அந்த வாசனை மடிப்புக்குள்ளேயே இருக்கும். எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பல் வலி என்றேன் கோமதியிடம். கிராம்பை இடித்து வைத்தாள், பாவம்.

ஆவணி 4, புதன்

வந்துவிட்டது. நினைத்தபடியே.

அந்த அம்மா கடை வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டார்.

“தட்டுல வெச்சுப் பிரிச்சோம் சார். மாப்ள வூட்டு அம்மா மூக்கப் புடிச்சிக்கினாங்க. பொண்ணு வூட்ல யாரு பீடி குடிக்கறதுன்னு அத்தினி பேர் முன்னால கேக்கறாங்க. எங்க வூட்டுக்காரரு வெத்தல கூட போட மாட்டாரு சார்!”

வெள்ளிக்கிழமை கல்யாணம். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு, வேறு சேலை எடுக்கச் சொன்னார். “ஏதாவது ஒண்ணு எடும்மா, போலாம்” என்றாள் பெண். மயில் கழுத்து நிறத்தில் ஒன்று எடுத்தார்கள். போகும்போது அரக்கை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

முதலாளி முகர்ந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. என் எதிரிலேயே ஏகாம்பரத்துக்கு போன்.

“மானம் போச்சுய்யா உன்னால. இருக்கற ஜரிகய திருப்பிக் குடுத்துடு. இனிமே உனக்கு நம்ம கடைல பாவு கெடையாது.”

பிறகு என்னைப் பார்த்து: “நீங்க பாத்தீங்க இல்லண்ணா? அப்ப வாசன இருந்துதா?”

“தெரியலியே தம்பி. மழ ஈரத்துல…”

“சளி புடிச்சிருக்கும் உங்களுக்கு. உடுங்க.”

விட்டுவிட்டார். மாத்திரை வாங்கித் தரவா என்று வேறு கேட்டார். மூர்த்தி, நீ ஒரு திருட்டுப் பயல்.

ஆவணி 5, வியாழன்

மேகமூட்டம். பல் டாக்டர் சனிக்கிழமை வரச் சொன்னார்.

அரக்குச் சேலை மாடிக் கொடியில் தொங்குகிறது. மேலே போகவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ. ஒருவர் சிகரெட் பற்ற வைத்தார். புகை என் பக்கம் வரும்படி காற்று பார்த்து இடம் மாறி நின்றேன். அவர் பார்த்துவிட்டு, “சாரி சார்” என்று மரியாதையாகத் தள்ளிப் போனார். நான் இன்னும் கொஞ்சம் நகர்ந்தேன். அவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். வெட்கம் கெட்ட ஜென்மம். அங்கே ஒரு குடும்பத்துக்கு வேலை போயிருக்கிறது, இங்கே நான் புகைக்குப் பின்னால் நடக்கிறேன்.

ஆவணி 7, சனி

பல் பிடுங்கியாயிற்று. வாயில் பஞ்சு. பேச முடியாதது ஒரு வகையில் நிம்மதி.

கோமதி கோயிலிலிருந்து வந்ததும் சொன்னாள். “தனத்தப் பாத்தேன். தறி சும்மா கெடக்குதாம். வேற கடைல கேட்டாக்க, பீடிக்காரன்னு பேரு முன்னாலயே போயிருக்குது. அவரு நாலு நாள் வுட்டுட்டு மறுபடியும் புடிச்சிட்டாராம். தலைல அடிச்சிக்கினு அழுவுறாராம், நான் ஆம்பளயே இல்லன்னு. நீங்க போயி நாலு வார்த்த சொல்லுங்க. உங்க பேச்சுன்னா கேப்பாரு.”

என் பேச்சு! பஞ்சைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். இவள் என்னை இப்படி நம்பாமல் இருந்தால் எனக்குப் பாதி பாரம் குறையும்.

ஆவணி 8, ஞாயிறு

நல்ல வெயில். சின்ன காஞ்சிபுரம் வரை நடந்தே போனேன். சீக்கிரம் போய்ச் சேரக் கூடாது என்றுதான்.

தறி வெறுமையாக. வழக்கமாக வாசலிலேயே கேட்கும் சத்தம் இல்லை. ஏகாம்பரம் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். தனம் காபி போடப் போனாள்.

“அண்ணா, உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்” என்று அவன் ஆரம்பித்ததும் எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். ‘வா’ எழுதாதது, பீரோ, ஞாயிற்றுக்கிழமை, மஞ்சள் வைக்கும்போது வாயை மூடிக்கொண்டது, எல்லாம். ஒழுங்காக எழுதியிருந்தால் இரண்டு நாள் கொடியில் தொங்கியிருக்கும், உன் பாவும் போயிருக்காது என்றேன்.

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“என் சேலய பீரோல வெச்சு மோந்துக்கினு இருந்தியா? நான் உன்ன சாமி மாதிரி நெனச்சிக்கினு இருந்தேன்யா!”

முதல் தடவையாக ‘நீ’ என்றான். கதவருகே தனம் டம்ளரோடு நின்றுவிட்டாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வேறு குரலில் கேட்டான். “இத்தினி வருசம் கழிச்சா? இன்னுமா வேணும்னு இருக்குது?”

“இருக்குதுபா. தெனமும். சாப்ட்டதும் வரும். மழ வந்தா வரும்.”

“அப்ப ஏன் நெனப்பே வராதுன்னு சொன்ன? நாலாம் நாள் எனக்குக் கை நடுங்குது. அண்ணனுக்கு ஒண்ணுமே ஆவல, நமக்குத்தான் இப்பிடின்னு… அந்த ரோசத்துலதான் மறுபடியும் போயி வாங்கினேன்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பாவு போனதைவிட இதுதான் பெரிய அடி. காபி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

ஆவணி 9, திங்கள்

கடை திறந்ததும் முதலாளியிடம் சொன்னேன். சளி இல்லை, தெரிந்தேதான் என்று. கணக்கு நோட்டை மூடி வைத்தார். கத்தியிருந்தால் தேவலை.

“எங்கப்பா காலத்து ஆளு நீங்க. வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.” பீரோ சாவிக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். “தப்பு அவனுது பாதி, உங்களுது பாதி. ஒரு பாவு தரேன். மொத சேலைல வாசன இருந்துதுன்னா அவனுக்குத் தறி இல்ல, உங்களுக்கு இந்த மேஜ இல்ல. நீங்களே மோந்து பாத்து, என் எதிர்ல சொல்லணும்.”

வீட்டுக்கு வந்தால் கோமதிக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தனம் போன் பண்ணியிருக்கிறாள். தட்டை வைத்தாள், சாம்பார் ஊற்றினாள். நான் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னாள்.

“தெரு பூரா சொல்லிக்கினு இருந்தேனே, எங்க வூட்டுக்காரரு மாதிரி உண்டான்னு. எங்கிட்ட சொன்னா நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்?”

அழுதாள். நானும்தான். பிறகு பாத்திரம் கழுவப் போனாள். எனக்கு அந்த நேரத்திலும் சாப்பிட்ட வாய்க்கு ஒன்று வேண்டியிருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஆவணி 27, வெள்ளி

விடியற்காலை மழை, அப்புறம் வெளிவாங்கியது. பல் பிடுங்கிய இடம் ஆறிவிட்டது. புதுக் குடை வாங்க வேண்டும், பழையதில் கம்பி போச்சு.

ஏகாம்பரம் சேலையோடு வந்தான். வெளுத்த சட்டை, கையில் சோப்பு வாசனை. பீடியை முழுசாக விடவில்லையாம். “பொய் சொல்ல மாட்டேண்ணா. தெருமுனைக்குப் போயி ஒண்ணு. அப்புறம் குளிச்சிட்டு, சட்ட மாத்திட்டுத்தான் தறில காலு வெக்கறேன்.” இந்த ‘அண்ணா’வை நான் எதிர்பார்க்கவில்லை.

முதலாளி எதிரில் வந்து நின்றார். கோலில் போட்டு விரித்தேன். மாம்பழ நிறம், சிவப்புக் கரை. இழை சுத்தம், கறை இல்லை. ஏகாம்பரம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முந்தியை முகர்ந்தேன். கரையை முகர்ந்தேன். புதுப் பட்டு, கஞ்சி. வேறொன்றும் இல்லை.

“இன்னாண்ணா?” என்றார் முதலாளி.

“ஒண்ணும் இல்ல தம்பி. சுத்தம்.”

அவரும் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார். பாவைத் தொடரச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஏகாம்பரம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, தனத்துக்குப் போன் போட வாசலுக்கு ஓடினான். அவன் பிழைப்பு திரும்பிவிட்டது. என் மேஜையும் தப்பிவிட்டது. சந்தோஷமாக நாலு வரி எழுதலாம் என்றுதான் இன்று நோட்டையே எடுத்தேன்.

அவன் வாசலுக்குப் போன பிறகு சீட்டில் ‘சரி’ எழுதினேன். பிறகு சேலையை மறுபடியும் பிரித்தேன். உள்மடிப்பில் பார்த்தேன். முந்தியின் அடியில் பார்த்தேன். எங்கேயாவது துளி இருக்காதா என்று பார்த்தேன்.

இல்லை. அப்படியொரு ஏமாற்றம் எனக்கு.