டால்பினுக்கு விட்ட இடம்

பிப்ரவரி 3, செவ்வாய்
காலையில் பனி. பெரம்பூரிலிருந்து ஆட்டோவில் காசிமேடு. துறைமுகச் சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. வாங்க வேண்டியவை: நீலம் இரண்டு டப்பா, பெரிய பிரஷ், தொப்பி (மண்டை காய்கிறது).

பணம் தரும் கம்பெனி கேட்ட படம்: வலை நிறைய மீனோடு கரைக்கு வரும் படகு, சிரிக்கும் மீனவர்கள், ஓரத்தில் ஒரு டால்பின். டால்பின் கட்டாயமாம். சுவர் முனையில் இடம் விட்டிருக்கிறேன்.

இத்தனை சுவர் வரைந்துவிட்டேன். ஒருவராவது நின்று பார்க்கிற மாதிரி ஒன்று வரைய வேண்டும் என்று ஏங்கியே காலம் போகிறது. போன வருடச் சுவரில் இப்போது டியூஷன் நோட்டீஸ்.

பிப். 4, புதன்
படகு முடிந்தது. ஆட்களுக்குக் கோடு மட்டும், முகம் பாக்கி.

எதிரில் மீன் விற்கும் ஸ்டெல்லாக்கா கூடையை விட்டுவிட்டு வந்தார். போனில் வீட்டுக்காரர் சேவியரின் போட்டோ. போன வருடம் கடலில் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்தி வந்துவிட்டார்கள். இவர் உடம்புகூடக் கிடைக்கவில்லை. அக்கா கழுத்தில் தாலி அப்படியே.

"இத்தினி பேர வரையற. அதுல அவரையும் ஒரு ஆளா குந்த வெய்யி பாப்பா. கரைக்கு வந்துகினு கீற மாரி."

சரி என்றேன். யோசிக்கவே இல்லை. சந்தோஷம் வேறு. நின்று பார்க்க ஒருத்தி கிடைத்துவிட்டாளே!

பிப். 5, வியாழன்
மைக்கேல் வந்தார். ஸ்டெல்லாக்காவின் தம்பி, மீன் ஏலம் விடுபவர். வீட்டிலும் ஏலக் குரல்தான் என்பார்கள். இன்று மெதுவாகப் பேசினார், அதுவே பயமாக இருந்தது.

"மாமா மூஞ்சிய வரையப் போறியாமே? இப்பதான் அக்கா, மாமா போய்ட்டாருன்னு ஆத்துமா பூசைக்கு ஒத்துக்கினு கீது. ஞாயித்துக்கெயம ராயபுரம் கோயில்ல பூசை. நீ வரஞ்சிட்டுப் பூடுவம்மா. அது டெய்லி இந்த செவுத்தாண்ட நின்னுகினு, தோ வந்துட்டாரு, தோ வந்துட்டாருன்னுகினு கெடக்கும். அப்போ நீயா வந்து இட்டுனு போவ?"

கோபம் வந்தது, அவர்மேல் இல்லை. பிரஷ் என் கையில் இருக்கிறது என்பதற்காக, போனவரை ஒரு மத்தியானத்தில் கரைக்குக் கொண்டுவந்துவிடலாம். அதற்கப்புறம் அந்த மனுஷி காத்திருப்பதற்கு யார் பொறுப்பு? இதுவரை எதை வரையவும் இப்படிப் பயந்ததில்லை. டால்பின் யாரையும் காக்க வைக்காது.

மற்ற முகங்கள் முடிந்தன. எல்லோரும் சிரிக்கிறார்கள், பாவம்.

பிப். 6, வெள்ளி
வெயில். நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன். "அவர் திரும்பி வர்ற மாதிரி என்னால வரைய முடியாதுக்கா."

"ஒரு மூஞ்சி போட உனுக்கு இன்னா பேஜாரு?" நல்ல திட்டு. வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் செதில் தேய்த்தார். பிறகு, மீனைப் பார்த்தபடியே:

"அன்னிக்கி நாஷ்டா தூக்குச்சட்டிய வூட்லயே வுட்டுட்டுப் போறாரு. தெருமொனைல கீறாரு. கடலுக்குப் போறவர பின்னால கூப்புடக் கூடாதுல்ல? கம்முனு இருந்துட்டேன். கூப்ட்டிருந்தா திரும்பியிருப்பாரு. மூஞ்சிகூட மறந்துகினு வருது பாப்பா, அந்த முதுகுதான் கண்ணுலயே கீது."

நானும் ஒருத்தனைக் கூப்பிடாமல் விட்டவள்தான். பெரம்பூர் ஸ்டேஷன், வேறு கதை. இங்கே வேண்டாம்.

"முதுகு எப்படியிருக்கும்க்கா?" என்று கேட்டேன்.

கத்தியைக் கீழே வைத்தார். இடது தோள் சற்று இறக்கம். கட்டம் போட்ட சட்டை. கழுத்தில் துண்டு. செருப்பை இழுத்து இழுத்து நடப்பாராம்.

பிப். 7, சனி
காலையிலிருந்து அந்த முதுகு. டால்பினுக்கு விட்ட இடத்தில், கடலைப் பார்த்துப் போகிற ஆள், ஆள் உயரத்துக்கே. தோள் மூன்று முறை மாற்றினேன். கம்பெனி கத்தும். கத்தட்டும், கடைசித் தவணை போனால் போகிறது.

மைக்கேல் வந்து ரொம்ப நேரம் நின்றார். டீ வாங்கிக் கொடுத்தார்.

பிப். 8, ஞாயிறு
மறுபடி பனி. வார்னிஷ் அடிக்கச் சீக்கிரமே போனேன். மீன் வாங்க ஏகப்பட்ட கூட்டம், மைக்கேலுக்குப் பதில் வேறு ஆள் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லாக்கா பூசைக்குப் போகும் வெள்ளைப் புடவையில் வந்தார். கையில் தூக்கு. மைக்கேல் ஆட்டோவிலேயே இருந்தார். அக்கா சுவர்கிட்டே போகவில்லை. வீட்டு வாசலுக்கும் தெருமுனைக்கும் இருக்கிற தூரம் அளவுக்குத் தள்ளி நின்றார். அக்கம்பக்கம் பார்த்தார். புருஷன் பேரை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை என்று நேற்றுதான் மைக்கேல் சொல்லியிருந்தார்.

"யோவ் சேவியரு!"

ஏலம் நின்றுவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், சுவரில் இருந்தவரைத் தவிர.

"சேவியரு! நாஷ்டா எத்துனு போய்யா!"

தூக்கைச் சுவரோரம் வைத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, ஆட்டோவில் ஏறினார். பூசைக்கு.