மேசைமேல் கிடந்த ஃபியூஸ்

என் அருமை சரசக்கா,

இப்படித் தொடங்கவே கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். 'துறைத்தலைவர் அவர்களுக்கு' என்று எழுதி, அதை அடித்துவிட்டேன். இத்தனை கோபத்திலும் உங்களைக் கூப்பிட அக்கா என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் வரவில்லை.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. பேளுக்குறிச்சியில் உங்களைத் தூக்கிய அன்று என்னைப் பிடித்து நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. "கூடப் பொறந்தவங்ககூட இப்பிடி அழுவலீங்க" என்றார் உங்கள் வீட்டுக்காரர். அந்த அழுகையைத் திருப்பி வாங்க முடியும் என்றால் இப்போது வாங்கிக்கொள்வேன். இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது. ஆனாலும் மனதில் இருப்பது அதுதான்.

இங்கத்துச் செய்தி சொல்கிறேன். கல்லூரிக்குப் புது பிரின்சிபால் வந்திருக்கிறார். எலக்ட்ரிகல் லேபில் உங்கள் படத்தைச் சந்தன மாலை போட்டு மாட்டியிருக்கிறார்கள். இரண்டாம் வருடத்துக்கு மோட்டார் பாடம் எடுக்க ஆள் இல்லை. அடிவாரத்திலிருந்து ஒருவர் வந்தாராம், மலைப்பாதையின் எழுபது வளைவையும் ஏறி வந்து ஒரு நாள் பாடம் எடுத்தவர் மறுநாள் போனை எடுக்கவே இல்லையாம். அதனால் என் ஞாபகம் வந்திருக்கிறது. போன வாரம் செம்மேட்டில் எங்கள் மோட்டார் வைண்டிங் கடைக்கே ஆள் அனுப்பினார்கள். பழையபடி வாரத்தில் மூன்று நாள், பகுதிநேரம்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா அக்கா? இரண்டு வருடமாகக் கடையில் தாமிரக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாலும், வாய் தன்பாட்டுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார். "ஏனுங்க டீச்சர், எனக்கு மார்க் போடுவீங்களா?" என்பார். கல்லூரிக்குப் போன அன்று நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டினேன். இடுப்பில் நீங்கள் தைத்துக் கொடுத்த சுருக்குப்பையைச் செருகிக்கொண்டேன்.

அந்தப் பை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கரண்ட் வேலை தொடங்கும் முன் ஃபியூஸைக் கழற்றியவர், வேலை முடியும்வரை அதைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிட மாட்டார்கள். எங்கள் கடையில் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். அதையே நம் லேபுக்கும் விதியாக்கினோம். புடவைக்குச் சட்டைப்பை ஏது? நீங்கள்தான் ஒரே நீலத் துணியில் இரண்டு சுருக்குப்பை தைத்து எடுத்து வந்தீர்கள். "உனக்கொண்ணு எனக்கொண்ணு கண்ணு. வெத்தலப் பையின்னு புள்ளைக சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போவுதுக" என்றீர்கள். பாதி வருடம் அதைச் சொல்லியே சிரித்தோம்.

இனி, இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்த நாள். பம்பு மோட்டாருக்குக் கனெக்‌ஷன் கொடுக்கும் பாடம். ஃபியூஸைக் கழற்றி என் பையில் போட்டேன். மணி நாலு ஆகப்போகிறது. பகுதிநேரக்காரர்களின் வருகைப் பதிவேடு ஆபீசில் இருக்கும், நாலு மணிக்கு அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். கையெழுத்து இல்லையென்றால் அன்றைக்கு நான் வரவே இல்லை என்று ஆகிவிடும். உங்களுக்கு அந்த ஓட்டமெல்லாம் கிடையாது, நீங்கள் நிரந்தரம்.

நான் பையோடு ஓடியிருக்க வேண்டும். பிள்ளைகள் முடித்துவிட்டுக் காத்திருக்குமே, அக்கா மோட்டாரை ஓட்டிக் காட்டட்டும் என்று ஃபியூஸை எடுத்து உங்கள் கையில் கொடுத்தேன். நாம் போட்ட விதியை நானே மீறினேன். அதை நான் என்றும் மறுத்ததில்லை.

நான் திரும்பி வருவதற்குள் நம் மாணவி வெண்ணிலா தரையில் கிடந்தாள். வலது கையில் இரண்டு விரல் கருகியிருந்தது. உயிர் பிழைத்தது நம் புண்ணியம்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. "போன் வந்துச்சு கண்ணு. மேசமேல வெச்சுட்டு வெளிய போயிட்டேன். வேல முடிஞ்சிருச்சாட்டம் இருக்குன்னு ஒரு புள்ள எடுத்து மாட்டிருச்சு." அழுதீர்கள். அப்புறம், "எம் பேர இழுத்தா ரெண்டு பேரு வேலையும் போயிரும் சாமி. நீ ஒண்ணும் பேசாத. உள்ள இருந்து உனக்காக நாம் பேசறேன்" என்றீர்கள்.

நான் பேசவில்லை. விசாரணையில் 'வகுப்பை விட்டு வெளியே போனேன்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதவில்லை. மறு வாரம் என்னை வரவேண்டாம் என்றார்கள். "எவ்வளவோ சொன்னேன் கண்ணு, கேக்கல" என்றீர்கள். நம்பினேன். அதன் பிறகும் எத்தனை முறை எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள்! என் கையால் சாமைச் சோறு சாப்பிட்டீர்கள். எங்கள் மரத்துப் பலாப்பழத்தை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

போன வாரம் புது பிரின்சிபால் ஒரு ஃபைலை என் முன்னால் வைத்தார். "ஃபார்மாலிட்டிதாங்க மேடம். பழைய ரிப்போர்ட்ட ஏத்துக்கறேன்னு கீழ ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா திங்கக்கிழமையே வந்துரலாம்" என்றார். பிரித்தேன். உங்கள் கையெழுத்து அக்கா. எந்தக் கூட்டத்திலும் எனக்கு அடையாளம் தெரியும் அந்த முத்து முத்தான கையெழுத்து.

'பகுதிநேர விரிவுரையாளர் ஃபியூஸைக் கழற்றாமலேயே வகுப்பைவிட்டு வெளியேறினார். இது அவரது வழக்கமான அலட்சியம்.'

கழற்றாமலேயே என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? போகட்டும், பயம் என்று வைத்துக்கொள்கிறேன். 'வழக்கமான' எதற்கு அக்கா? அதை எழுதச் சொல்லி உங்களை யார் கேட்டார்கள்?

பழைய லேப் ரெக்கார்டைப் பார்க்கக் கேட்டபோது உங்கள் பீரோ சாவியைக் கொடுத்தார்கள். கீழ்த்தட்டில் உங்கள் நீலப்பை இருந்தது. மடிப்புக் கலையவில்லை, கயிறு அழுக்காகவில்லை. என்னுடையது கிரீஸ் பட்டுக் கறுத்துக் கிடக்கிறது. அப்படியென்றால் நீங்கள் ஃபியூஸை எப்போதும் மேசைமேல்தான் வைத்துக்கொண்டிருந்தீர்களா? ஒரே லேபில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியாமல் போயிற்றே.

இந்த இரண்டு வருடம் நான் பட்டது உங்களுக்குத் தெரியும். வெண்ணிலாவின் அப்பா, இதே மலையில் குண்டனி நாட்டு ஊர்க்காரர், ஒரு நாள் பஸ் நிறைய ஆள் இருக்க, "எம் புள்ள கையப் பொசுக்குனவ இவதான்" என்றார். மோட்டார் கெட்டால் என் கடையைத் தாண்டி அடிவாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். அவரைப் பார்த்து நான்கைந்து ஊர்க்காரர்களும் அப்படியே. அன்று நான் அழுதபோது என் தலையைத் தடவிக் கொடுத்தீர்களே, எந்த முகத்தோடு அக்கா?

நான் அந்த இடத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஒரு தாள் வாங்கி எழுதினேன். 'ஃபியூஸைக் கழற்றியது நான். விதியை மீறி அதைத் துறைத்தலைவர் கையில் கொடுத்ததும் நான். மேசைமேல் வைத்துவிட்டுப் போனது அவர்.' பிரின்சிபால் இரண்டு முறை படித்தார். "அவங்க இப்ப இல்ல. இது வேணுங்களா மேடம்?" என்று கேட்டார். "நான் இருக்கறேனுங்க" என்றேன். மேலே கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். வேலை கிடைத்தாலும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

நேற்று குண்டனி நாட்டுக்குப் போனேன். மரவள்ளிக் காட்டில் நின்றுகொண்டிருந்த வெண்ணிலா அப்பாவிடம் தாளின் நகலைப் படித்துக் காட்டினேன்.

"அப்ப ரெண்டு பேருந்தானா?"

"ஆமாங்க. ரெண்டு பேருந்தான்."

"இத அன்னைக்கே சொல்லறதுக்கு என்னங்க?" என்றார். உங்களுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லக்கூட வெட்கமாக இருந்தது. கிளம்பியபோது, "தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்று சொம்பை நீட்டினார். குடித்தேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வரவில்லை அக்கா. பொய் எழுதுவதில் உங்களுக்கு இருந்த துணிச்சல் எனக்கு இல்லை. உங்கள் படத்தைக் கழற்றச் சொல்லவும் மாட்டேன். அது அங்கேயே இருக்கட்டும்.

வகுப்பு கிடைத்தால், முதல் நாள் அந்தப் படத்துக்குக் கீழே நின்று நடந்ததை நடந்தபடி பிள்ளைகளிடம் சொல்வேன். உங்கள் தவறையும் சொல்வேன், என் தவறையும் சொல்வேன். கிடைக்காவிட்டால் கடையில் வேலை கற்க வருகிறவர்களிடம் சொல்வேன். இன்னொன்றும் சத்தியமாகச் சொல்கிறேன். பதிவேட்டைப் பூட்டட்டும், என் பெயர் விட்டே போகட்டும், நான் கழற்றிய ஃபியூஸ் இனி என் இடுப்பை விட்டு இறங்காது. யார் கையிலும் கொடுக்க மாட்டேன். நீங்களே எழுந்து வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

நீங்கள் கண்ணு என்று கூப்பிட்ட,
கோபம் ஆறாத உங்கள் தங்கை,
மல்லிகா