எள் விளக்கும் தெர்மாகோல் சீலிங்கும்

நண்பா, என் விரலில் இன்னும் ஃபோம் கருகிய நாற்றம். சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவியும் போகவில்லை. காலையில் திருநள்ளாற்றில் புதிதாகக் கட்டும் ஒரு லாட்ஜுக்கு உள் அலங்கார வேலை பேசப் போயிருந்தேன். மாடிப்படிச் சுவர் முழுக்க ஒட்டச் சொல்லி, செங்கல் போலவே அச்சடித்த ஒரு ஃபோம் ஷீட்டை முதலாளி நீட்டினார். நீ செய்வாயே, அதைப் போலவே ஒரு மூலையை வெட்டி, வாசலுக்குக் கொண்டுபோய்த் தீக்குச்சி கிழித்தேன். கறுப்புப் புகை, சொட்டுச் சொட்டாக நெருப்பு. அவர் முகம் சுளித்தார்.

எங்கே வேலை பேசப் போனாலும் நீ இப்படித்தான். "முதல்ல இது எரியட்டுங்க, அப்புறம் டிசைன் பேசுவோம்" என்பாய். வரிச்சிக்குடியில் ஒரு வீட்டுக்காரம்மா, "புது வீட்டுல வந்து கொளுத்துறியா?" என்று துடைப்பத்தைத் தூக்கியதை மறப்பேனா? அந்த வேலையையும் நீ வாங்கிவிட்டாய், அது வேறு.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்ற முழுக் கதை நம் இருவருக்கு மட்டுமே தெரியும். இதே ஊரில் நாம் சேர்ந்து எடுத்த முதல் லாட்ஜ் வேலை. ஒரு சனிக்கிழமை, கோயில் கூட்டத்துக்குப் பயந்து ஒரு குடும்பம் அறைக்குள்ளேயே சனீஸ்வரனுக்கு எள் முடிச்சு விளக்கை ஏற்றி ஜன்னலில் வைத்தது. திரைச்சீலை பற்றி, நாம் மாட்டிய தெர்மாகோல் சீலிங்குக்குத் தாவியது. உருகி விழுந்த நெருப்பில் அந்தக் குடும்பத்து அம்மாவின் தோள் வெந்துபோனது. ஊரே விளக்கு ஏற்றியவர்களைத் திட்டியது. அறைக்குள் விளக்கு ஏற்றக் கூடாது என்று பலகை வைக்கப் போனார் அந்த லாட்ஜ்காரர். நீதான் சீறினாய்: "விளக்கு ஏத்தணும்னே வர்ற ஊருங்க இது. ஏத்துனவங்க மேல தப்பே இல்ல. சீலிங்கு என்னுது, தப்பும் என்னுது."

என்னுது என்றாய். நம்முடையது என்று சொல்லவில்லை. தெர்மாகோல் போதும், சீக்கிரம் முடியும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். எளிதில் எரியாத ஜிப்சம் போர்டு போடலாம் என்று மன்றாடியவன் நீ. நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும், "ரெண்டு பேரு பேரும் கெட்டா யாருடா வேலை குடுப்பா?" என்று சிரித்தாய். நீ கண்ணை மூடும்வரை அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. அந்த வெட்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.

இன்றைக்கு இந்த முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? "சும்மா பயமுறுத்தாதீங்க சார். விளக்கு ஏத்தக் கூடாதுன்னு ரூமுக்கு ரூம் பலகை வைக்கிறேன். உங்க கூட்டாளி மாட்டுன சீலிங்குதானே அன்னிக்கு எரிஞ்சுது? நீங்க அப்படி இல்லேன்னுதான் கூப்புட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மாட்டச் சொன்னவன் நான்தாங்க. அவன் வேணாம்னான். இதைப் படி ஓரமா ஒட்டி, தீப்பிடிச்சா, மேல தூங்குறவங்க எப்படி எறங்குவாங்க? நான் ஒட்ட மாட்டேன்" என்றேன். வேலையாட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வேலை போய்விட்டது. கோவில்பத்தில் இன்னொரு ஆளைக் கூப்பிடப் போகிறாராம். கூப்பிடட்டும். நாளைக் காலையில் அந்த ஆள் வீட்டு வாசலில் நான் நிற்பேன். அவருக்கு அடுத்து யாரைக் கூப்பிட்டாலும் அங்கேயும் போய் நிற்பேன். தோள் வெந்த அந்த அம்மாவைப் பற்றிச் சொல்வேன். எரிந்தது யார் மாட்டிய சீலிங் என்று கேட்டால், என் பெயரைச் சொல்வேன்.