மானிட்டரின் வருகைப் பதிவேடு

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் உன் குரல் உயர்கிறது, மூன்றாவது நிமிடம் நான் வைத்துவிடுகிறேன். அதனால்தான் பால் கேன் மூடியில் இந்தக் காகிதத்தைக் கட்டி அனுப்புகிறேன். பால்காரர் கேட்டால் மருந்துச் சீட்டு என்று சொல். அவர் வாயில் எதுவும் நிற்காது.

நேற்றுக் காலை ஆறரைக்கு மூன்று நாய்கள் ஓடையைத் தாண்டி வந்து மாடுகளை விரட்டின. மற்ற மாடுகள் கொட்டகைக்கு ஓடிவிட்டன. ஹெட்மிஸ்ட்ரஸ் மட்டும் ஓடவில்லை. ஏழு மாதச் சினையோடு கன்றுக்குட்டிகளுக்கு முன்னால் மறித்து நின்றாள். கடைசியில் முள்கம்பி மேல் விழுந்து தொடை கிழிந்துவிட்டது. ஆறு தையல். "கன்னு தங்குமான்னு இப்ப சொல்ல முடியாதும்மா. ஒரு பத்து நாள் பாப்போம்" என்கிறார் மாட்டு டாக்டர்.

நாய்களில் ஒன்று செம்பழுப்பு. இடது காது மடிந்திருந்தது. அப்படி இந்தப் பக்கம் எத்தனை நாய் இருக்கிறது என்று நீயே சொல்.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

தங்கை

*

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

உன் ஹெட்மிஸ்ட்ரஸுக்கு அடிபட்டது கேட்டு மனசு சரியில்லை. என்னைக் கேலி செய்ய நீ வைத்த பெயர்தான், ஆனால் அந்தப் பசு அதற்குத் தகுந்தபடியே நடந்துகொண்டிருக்கிறது.

நாய் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒருமுறை என் வகுப்பு ஜன்னலைக் கல்லால் உடைத்தவன் சிவப்புச் சட்டை போட்டிருந்தான் என்றார்கள். அன்று வகுப்பில் ஒன்பது சிவப்புச் சட்டை. ஒன்பது பேரையும் வெளியே நிறுத்த முடியுமா?

நீ சந்தேகப்படும் என் மானிட்டரைக் காலை ஆறு மணிக்கு அவிழ்த்து விடுகிறேன். ஏழு மணிக்கு வாசலில் நிற்பான். பழக்கம் விடவில்லை, அதையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்: போன நேரம், வந்த நேரம், குறிப்பு. பதினான்கு மாதத்தில் வராத நாள் ஒன்றுகூட இல்லை. என்னிடம் படித்த பிள்ளைகளில் இப்படி ஒருவரைக் காட்டு பார்ப்போம்.

உன் அண்ணி போன பிறகு, நான் பேசுவதை எதிரில் உட்கார்ந்து கேட்பவன் அவன் ஒருவன்தான். யோசித்துச் சொல்லம்மா.

அண்ணன்

*

மார்ச் 6

அண்ணாவுக்கு,

சட்டைக் கதை நன்றாக இருந்தது. உடைத்தவன் யார் என்று கடைசிவரை நீ சொல்லவில்லை.

நான் வாதாட வரவில்லை. தேதிகளை மட்டும் தருகிறேன். ஜனவரி 19, பிப்ரவரி 8, பிப்ரவரி 23, மார்ச் 2. இந்த நான்கு நாளும் மாடுகளை நாய்கள் விரட்டின. முதல் மூன்று முறை உன்னிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு. உன் நோட்டை எடுத்துப் பார்.

நேற்று கால்நடை ஆபீஸர் வந்திருந்தார். பாலத்தடியில் இரண்டு நாய்களைப் பிடித்துவிட்டார்கள். மாட்டைக் கடித்துப் பழகிய நாயைத் திருப்பித் தரமாட்டார்களாம். ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்களாம்.

ஹெட்மிஸ்ட்ரஸ் தண்ணீர் குடிக்கிறாள், தீவனத்தைத் தொடவில்லை.

தங்கை

*

மார்ச் 8

அன்புள்ள தங்கைக்கு,

பார்த்தேன். பார்த்துவிட்டு நோட்டை மூடி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

நான்கு நாளும் 'தாமதம்' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. பிப்ரவரி 8-க்கு நேராக, 'நாலு காலும் ஈரம், சேறு. நன்றாக விளையாடியிருக்கிறான்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் வேறு போட்டிருக்கிறேன். மார்ச் 2: 'கழுத்துப் பட்டையை எங்கோ தொலைத்துவிட்டான். புதிது வாங்க வேண்டும்.' உனக்கும் எனக்கும் நடுவில் அந்த ஓடையைத் தவிர ஈரம் ஏது?

நேரத்துக்கு வருகிறானா என்று பார்த்தேன். எங்கே போனான் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. வாத்தியார் வேலை பார்த்தவனுக்குத்தான் இப்படி ஒரு முட்டாள்தனம் வரும். வருகைப் பதிவு ஒழுங்காக இருந்தது என்பதற்காகவே எத்தனை பேருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்தேனோ.

அவனைக் கட்டிப் போட்டுவிட்டேன். கயிற்றைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். நான் நாளிதழைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய் மூன்றாவது நாய் என்னுடையது என்று சொல்லப்போகிறேன். அதன் பிறகு என்ன நடக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கத் தைரியமில்லை.

கன்று தங்குமா? அதை மட்டும் ஒரு வரி எழுது.

அண்ணன்

*

மார்ச் 11

அண்ணாவுக்கு,

தங்கவில்லை. நேற்று மத்தியானம். பெண் கன்று. அம்மாவைப் போலவே நெற்றியில் வெள்ளை.

கோபமில்லை என்று எழுத எனக்கு வரவில்லை. கொஞ்ச நாளைக்குக் கேன் வராது. கடையில் வாங்கிக்கொள்.

தங்கை

*

மார்ச் 14

அன்புள்ள தங்கைக்கு,

கேன் இல்லாததால் இதைப் பால்காரர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். பிரித்துப் படித்திருந்தால் படித்துக்கொள்ளட்டும்.

ஆபீஸுக்குப் போய், நோட்டையும் ஆபீஸர் மேஜை மேல் வைத்தேன். அவர் அதைத் திறக்கவே இல்லை. மூன்றாம் தேதியே நீ கொடுத்திருந்த புகாரை எடுத்துக் காட்டினார். "மூணாவது நாய சரியா பாக்கலன்னு உங்க தங்கச்சி எழுதிக் குடுத்துருக்காங்களே சார். நெறம் தெரியல, கழுத்துல எதுவும் இல்லன்னு. பாத்தவங்களே தெரியாதுங்கறாங்க, பாக்காத நீங்க உங்க நாய்ங்கறீங்க. நான் எத ஃபைல்ல போடறது?" என்றார். கட்டி வளர்ப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

செம்பழுப்பு, மடிந்த காது என்று எனக்கு எழுதியவள் நீ. அவரிடம் மட்டும் நிறம் தெரியாமல் போய்விட்டதா? நான் சட்டைக் கதை சொல்லிக்கொண்டிருந்தபோதே நீ அவனைக் காப்பாற்றி முடித்திருக்கிறாய். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

கன்றுக்கு நான் என்ன சொல்ல? நோட்டில் மார்ச் 2-க்கு நேராக இருந்த குறிப்பை அடித்துவிட்டு, 'பெண் கன்று, நெற்றியில் வெள்ளை' என்று எழுதினேன்.

ஜன்னலை உடைத்தவன் என் அபிமானப் பையன்தான். அதனால்தான் சொல்லவில்லை.

பதில் வேண்டும் என்று எழுதவில்லை.

அண்ணன்

*

மார்ச் 23

அண்ணாவுக்கு,

கேன் மூடி கனமாக இருக்கிறதே என்று பால்காரர் கேட்டிருப்பார். மூடியைக் கழற்று, காகிதத்தோடு ஒன்று கட்டியிருக்கிறேன்.

அது மார்ச் 2-ஆம் தேதி காலையிலேயே கிடைத்தது. முள்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. தகட்டில் உன் கையெழுத்தில் 'மானிட்டர்'. டாக்டர் தையல் போட்டு நிமிர்வதற்குள் பையில் போட்டுக்கொண்டேன். அந்த வீட்டில் நீ யாரோடு பேசுவாய் என்று நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை. பிறகு கன்று போனதும், ஏன் அப்படிச் செய்தேன் என்று ஒரு வாரம் உன் மேலும் என் மேலும் எரிச்சல்.

ஹெட்மிஸ்ட்ரஸ் இப்போது தின்கிறாள். ஆனால் எங்காவது ஒரு நாய் குரைத்தால் போதும், நின்ற இடத்தில் நின்றுவிடுகிறாள். ஓடைப் பக்கம் இறங்குவதே இல்லை. அவள் இறங்காமல் மற்றவையும் இறங்காது. டாக்டர் சொல்கிறார்: "கயித்துல கட்டுன நாய தெனமும் தூரத்துல காட்டுங்க. அதுபாட்டுக்குச் சும்மா நிக்கறதப் பாத்துப் பாத்துதான் பயம் தெளியணும்."

பட்டையை அவனுக்கு மாட்டு. தினமும் ஆறு மணிக்குக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு வந்து ஓடைக்கு அந்தக் கரையில் அரை மணி நேரம் நில். அவன் குரைக்கக் கூடாது, நீ பேசக் கூடாது. உனக்குத்தான் கஷ்டம்.

பால்காரரிடம் இனி உன் பாலைக் கொடுத்தனுப்ப மாட்டேன். வரும்போது காலிக் கேனை எடுத்து வா.

தங்கை